மாவு பாக்கெட் உப்பிய வீடியோ பரவுகிறது: வக்கீல் நோட்டீஸா, மௌனமா, விளக்கமா?

நாமக்கல்நந்தன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இட்லி தோசை மாவு பாக்கெட் போடும் ஒரு நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் மளிகைக் கடைகளுக்கும் சின்ன சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் விடிகாலையில் லைன் வண்டியில் சரக்கு போகும். விளம்பரம், முகநூல் பக்கம், கோயில் திருவிழா பேனர் எல்லாம் என் பொறுப்புதான், ஆனால் மக்கள் தொடர்பு என்று முறையாகப் படித்தவர் எங்களிடம் யாரும் இல்லை.

போன வாரம் ஒரு அம்மா தன் சமையல் மேடையில் எங்கள் பாக்கெட்டை வைத்து ஒரு வீடியோ போட்டிருக்கிறார். பாக்கெட் நன்றாக உப்பி நிற்கிறது, கத்தி நுனியால் குத்துகிறார், புஸ்ஸென்று காற்று வெளியே வருகிறது, "இதில் என்ன கெமிக்கல் கலக்கிறார்களோ, இதைத்தான் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்கிறோம்" என்கிறார். அவ்வளவுதான். ஸ்கூல் பெற்றோர் குரூப், அபார்ட்மெண்ட் குரூப், சொந்தக்காரர் குரூப் என்று எல்லாவற்றிலும் சுற்றுகிறது. கடைகளில் சரக்கு திரும்ப ஆரம்பித்துவிட்டது.

விஷயம் என்னவென்றால் மாவு புளிக்கும்போது வாயு வரத்தான் செய்யும், குளிரில் வைத்தால் மெதுவாக வரும். சில கடைகளில் கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் காலையில் போடுகிறார்கள். அப்படிப்பட்ட கடையிலிருந்து வாங்கிய பாக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும்.

முதலாளி அந்த அம்மாவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார். வக்கீல் யாரும் வாயைத் திறக்காதீர்கள் என்கிறார். விளம்பர ஏஜென்சிக்காரர்கள் சமையல் சேனல் ஆட்களைப் பிடித்து நல்லபடியாக நாலு வீடியோ போடலாம் என்கிறார்கள். முதலாளியின் மகன், கடைக்காரர்கள் சரியாக வைக்காததுதான் காரணம் என்று அறிக்கை விடலாம் என்கிறார். எதைச் செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழையபிரஸ்நோட் எழுதியது:

தம்பி, முதலில் அந்த நோட்டீஸை நிறுத்துங்கள். நோட்டீஸ் அவர் கைக்குப் போன அன்று சாயங்காலமே அதைக் கேமரா முன்னால் வாசித்து அடுத்த வீடியோ போடுவார், இப்போது மூன்று மாவட்டத்தில் இருப்பது அப்புறம் சென்னை டிவி வரைக்கும் போகும்.

அடுத்தது கடைக்காரர்மேல் பழி போடுவது. நான் மும்பையில் ஒரு பிஆர் (மக்கள் தொடர்பு) ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், 2003இல் அங்கேதான் இருந்தேன். அந்த அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருப்பதாக மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் புகார் போனது. கம்பெனி சொன்ன முதல் பதில் என்ன தெரியுமா? எங்கள் தொழிற்சாலையில் வந்திருக்க முடியாது, கடைகளில் சரியாக வைக்காததால் வந்திருக்கும். உங்கள் சின்ன முதலாளி சொல்லும் அதே வாக்கியம். உடனே அதிகாரிகள் திருப்பிக் கேட்டார்கள்: அப்படியென்றால் புழு உள்ளே புகும்படியான உறையை ஏன் போட்டாய்? பிறகு இவர் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, பேப்பரில் தினமும் அதே செய்தி. அந்தப் பண்டிகைக் காலத்தில் விற்பனை ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்தது.

கம்பெனி சொன்னது பொய் இல்லை, கிட்டங்கியிலோ கடையிலோ வந்த புழுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஆளுக்கு உங்களுக்கும் கடைக்காரருக்கும் நடுவில் இருக்கும் கணக்கு வழக்கு எதற்கு? கவரில் இருப்பது உங்கள் பெயர். கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது எந்த அறிக்கையும் இல்லை. 'விஸ்வாஸ்' என்ற பெயரில் லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகளில் சாக்லேட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் வேலையைத் தொடங்கினார்கள், 2004 ஜனவரியில் வெப்பத்தால் ஒட்டிய அலுமினியத் தாளும் அதற்கு மேல் இன்னொரு மூடிய உறையுமாகப் புது பேக்கிங் கொண்டுவந்தார்கள், அதன் பிறகுதான் அமிதாப் பச்சன் வந்து விளம்பரத்தில் பேசினார். இந்த வரிசையைக் கவனியுங்கள். உறையை மாற்றாமல் அமிதாப்பை மட்டும் கொண்டுவந்திருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். உங்கள் ஏஜென்சி சொல்லும் சமையல் சேனல் யோசனையில் உள்ள கோளாறும் இதுதான், எதையும் மாற்றாமல் ஆள் பிடித்துப் பேசவைப்பது.

காபித்தூள் பாக்கெட்டில் ஒருவழி வால்வு இருக்குமே, காற்று வெளியே போகும், உள்ளே வராது, அந்த மாதிரி கவர் உங்கள் மாவுக்குச் சரிப்படுமா, என்ன செலவாகும் என்று இன்றைக்கே கவர் சப்ளையரிடம் கேளுங்கள். அறிக்கை எழுதுவதை அப்புறம் பார்க்கலாம்.


கோர்ட்வாசல் எழுதியது:

எல்லோரும் வக்கீலைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். அவர் வாயைத் திறக்காதே என்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு ஆவேசத்தில் "எங்கள் மாவில் எந்த ரசாயனமும் இல்லை, நூறு சதவீதம் பாதுகாப்பானது" என்று எழுதிவிட்டு, நாளைக்கு ஆய்வறிக்கையில் வேறு ஏதாவது வந்தால் அந்த வாக்கியமே உங்களுக்கு எதிரான சாட்சி. மன்னிப்பு கேட்டாலும் தப்பை ஒப்புக்கொண்டதாகப் படிக்க வழி இருக்கிறது.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் கண்டிப்பாக வருவார், எதிர்பார்த்து இருங்கள். மாதிரி எடுத்தால் நான்கு பாகமாகப் பிரிப்பார், அதில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே உங்களுக்கு உரிமை உண்டு, அதை அந்த இடத்திலேயே எழுத்தில் கேளுங்கள். அவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள்.

2015இல் ஈயம் அதிகம் என்று மேகி நூடுல்ஸுக்குத் தடை போட்டார்களே, அந்த விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க எரித்தார்கள், திட்டினார்கள். கடைசியில் 2015 ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது, மறு ஆய்வில் மூன்று ஆய்வகத்திலும் ஈயம் வரம்புக்குள்தான் என்று வந்தது. சட்டப்படி ஆவணத்தோடு நின்றவர்கள் ஜெயித்தார்கள்.


மேகலை எழுதியது:

கோர்ட்வாசல் சார், மாதிரி எடுப்பது பற்றி நீங்கள் சொன்னது மிகவும் உபயோகமான விஷயம், ஆனால் மேகியை உதாரணம் காட்டியதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் கோவையில் ஒரு மருத்துவமனையின் தகவல் தொடர்புப் பிரிவில் இருக்கிறேன், புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இந்தக் கதைதான்.

2014இல் உத்தரப் பிரதேசத்தின் பாரபங்கியில் ஒரு உணவு ஆய்வாளர் மாதிரி எடுத்ததில் இது ஆரம்பித்தது. கவரில் எம்எஸ்ஜி (சுவைகூட்டும் உப்பு, மோனோசோடியம் குளூட்டமேட்) சேர்க்கவில்லை என்று போட்டிருந்தது, கோரக்பூர் ஆய்வகத்தில் இருக்கிறது என்றார்கள். பிறகு கொல்கத்தா ஆய்வகத்தில் ஈயம் 17.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு), அனுமதி 2.5 பிபிஎம்தான். 2015 ஏப்ரல் கடைசியில் உத்தரப் பிரதேச அதிகாரிகள் அந்தச் சரக்கைத் திரும்பப் பெறச் சொல்கிறார்கள். மே மாதம் முழுக்க டிவியில் இதே பேச்சு. கம்பெனி தன் சொந்தச் சோதனை முடிவுகள், எம்எஸ்ஜி சேர்க்கவில்லை, பொருட்களில் இயற்கையாக உள்ள குளூட்டமேட்தான் என்ற விளக்கம், ட்விட்டரில் ஒரே மாதிரியான பதில் என்று போய்க்கொண்டிருந்தது. அதில் எதுவும் தப்பான தகவல் இல்லை. ஆனால் ராத்திரி பசிக்கிறது என்று நிற்கும் பிள்ளைக்கு அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு அந்த மஞ்சள் பாக்கெட்டைக் கையில் பிடித்திருக்கும் அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கொடுக்கலாமா, வேண்டாமா? அதற்கு முகம் கொடுத்து ஒரு மனிதர் பதில் சொல்லவில்லை. ஜூன் 4இல் தமிழ்நாட்டிலும் மூன்று மாதத் தடை வந்தது. ஜூன் 5 அன்றுதான் மேகியைத் தயாரிக்கும் நெஸ்லேயின் உலகத் தலைவர் பால் புல்கே டெல்லியில் பத்திரிகையாளர் முன் உட்கார்ந்தார், மேகி பாதுகாப்பானதுதான், குழப்பம் இருப்பதால் எடுத்துக்கொள்கிறோம் என்ற பொருளில் பேசினார். பாதுகாப்பானது என்றால் ஏன் எடுக்கிறாய் என்று சாதாரண ஆளுக்குத் தோன்றாதா? அன்றைக்கே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் திரும்பப் பெற உத்தரவு போட்டது.

கோர்ட்டில் ஜெயித்தது உண்மை. அதற்குள் 30,000 டன்னுக்கு மேல் சரக்கை அழித்தாகிவிட்டது, அந்தக் காலாண்டில் நெஸ்லே இந்தியாவுக்கு 64 கோடி ரூபாய் நஷ்டம். ஆகஸ்டில் சுரேஷ் நாராயணன் நெஸ்லே இந்தியாவின் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகு பேச்சே மாறியது, நுகர்வோரிடம் நேராகப் பேசினார்கள், நவம்பர் 9 அன்று, தீபாவளி சமயத்தில், மறுபடி கடைக்கு வந்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கு ஆறு மாதம் தாக்குப்பிடிக்கப் பணம் இருந்தது. நந்தனின் முதலாளிக்கு ஆறு வாரம் தாங்குமா என்று யோசியுங்கள்.

நந்தன், இன்னொன்று. வெளியே பேசுவதற்கு முன் உள்ளே பேசுங்கள். லைன் வண்டி டிரைவரைத்தான் தினமும் நூறு கடைக்காரர்கள் கேட்பார்கள், "என்னப்பா உங்க மாவுல என்னமோ கலக்குறாங்களாமே" என்று. அவருக்குப் பதில் தெரியாமல் தலையைச் சொறிந்தால் உங்கள் அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. உள்ளே சொல்வதும் வெளியே சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். 2017 ஏப்ரலில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணியைத் தரதரவென்று இழுத்துப்போனார்களே, அப்போது தலைமை நிர்வாகி ஆஸ்கர் முனோஸ் வெளியே ஒரு மழுப்பலான வருத்தம் சொன்னார், ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பயணிதான் தகராறு செய்தார் என்று எழுதினார். கடிதம் அன்றைக்கே பத்திரிகைக்குப் போய்விட்டது. மறுநாள் முழு மன்னிப்பு கேட்டும் யாரும் மனதாரக் கேட்டதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் அதற்கு முந்தின மாதம்தான் ஒரு பிஆர் துறைப் பத்திரிகை அவரை ஆண்டின் சிறந்த தகவல் தொடர்பாளர் என்று தேர்ந்தெடுத்திருந்தது.

பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும். நம்மூரில் மழைக்காலம் வந்தால் சென்னை வானிலை மையத்திலிருந்து ரமணன் சார் வருவாரே, 2016இல் ஓய்வு பெற்றார், அவரை நினைத்துப் பாருங்கள். தாழ்வு மண்டலம் எங்கே இருக்கிறது, அடுத்த 24 மணி நேரத்தில் என்ன வரலாம் என்று அதே முகம், அதே நிதானம், தெரிந்ததை மட்டும் சொல்வார். கணிப்பு தப்பிப்போன நாளிலும் அடுத்த நாள் அவர் பேச்சைக் கேட்க மக்கள் உட்கார்ந்தார்கள், அதை எந்த விளம்பரமும் வாங்கித் தராது. உங்கள் நிறுவனத்தில் மாவு அரைக்கும் பிரிவில் விஷயம் தெரிந்த ஒருவர் இருப்பார், பெரும்பாலும் அவர்தான் சரியான ஆள். முதலாளி மகன் வேண்டாம்.


மீம்ஸ்மாப்பிள்ளை எழுதியது:

நான் சோஷியல் மீடியா வேலை பார்க்கிறேன். இங்கிலாந்தில் 2018 பிப்ரவரியில் கேஎஃப்சியில் சிக்கன் தீர்ந்துபோய்க் கடைகளை மூடினார்களே, அப்போது தங்கள் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றிக் கெட்ட வார்த்தை மாதிரி வாளியில் போட்டு முழுப்பக்க மன்னிப்பு விளம்பரம் கொடுத்தார்கள், ஊரே சிரித்து மன்னித்தது. உப்பின பாக்கெட்டை வைத்து நாமும் ஒரு ஜாலியான போஸ்ட் போட்டால் என்ன?


பழையபிரஸ்நோட் எழுதியது:

அங்கே டெலிவரி கம்பெனியை மாற்றியதில் கோழி வந்து சேரவில்லை, கோபம் இருந்தது, பயம் இல்லை. இங்கே பிள்ளைக்கு வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு தாய் பயப்படுகிறார். பயப்படுகிற ஆளிடம் சிரித்துப் பேசினால் அவமதிப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். வேண்டவே வேண்டாம்.


கடல்தாண்டி எழுதியது:

நான் சிகாகோ பக்கம் இருக்கிறேன். இந்தப் பேச்சு வந்தாலே டைலனால் என்ற வலி மருந்தின் கதை வரும், யாரும் இன்னும் எடுக்காததால் நானே சொல்கிறேன். 1982 செப்டம்பர் கடைசியில் இந்தப் பகுதியில் 7 பேர் டைலனால் கேப்சூல் சாப்பிட்டு இறந்துபோனார்கள், யாரோ கடைகளில் புகுந்து கேப்சூலுக்குள் சயனைடு வைத்திருக்கிறார்கள், கொன்றவர் யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. போலீஸ் வண்டிகள் ஒலிபெருக்கி வைத்துத் தெருத்தெருவாக எச்சரித்தன. அந்த மருந்தின் கம்பெனியான ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுவதும் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது, தலைவர் ஜேம்ஸ் பர்க் டிவியில் நேராகப் பேசினார், மக்கள் கூப்பிட இலவசத் தொலைபேசி எண் கொடுத்தார்கள், இரண்டு மாதத்துக்குள் மூன்று அடுக்கு முத்திரை வைத்த புது பாட்டில் வந்தது. இன்றைக்கு எந்த மருந்து பாட்டிலைத் திறந்தாலும் ஒரு தாளைக் கிழிக்க வேண்டியிருக்கிறதே, அந்தப் பழக்கம் பரவியதே அதற்குப் பிறகுதான்.

எல்லாப் பாடத்திலும் இதை மகா வெற்றி என்று சொல்வார்கள், நியாயம்தான், ஆனால் அப்படியே காப்பி அடிக்க முடியாது. அங்கே கம்பெனியும் ஒரு பாதிக்கப்பட்ட ஆள், வெளியாள் செய்த குற்றம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நந்தனின் பாக்கெட் உப்பியதற்கு வெளியாள் யாரும் கிடையாது.

எனக்கு அதில் பிடித்தது பலரும் சொல்லாத ஒரு சின்ன சம்பவம். எங்கள் தொழிற்சாலையில் சயனைடே கிடையாது என்று கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆட்கள் நிருபர்களிடம் முதலில் சொல்லிவிட்டார்கள். பிறகு விசாரித்தால் சோதனைக்கூடத்தில் பரிசோதனைக்காகக் கொஞ்சம் வைத்திருக்கிறார்கள். நடந்த சாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் முன்னால் சொன்னது தப்பு என்று அவர்களே பத்திரிகைகளிடம் சொன்னார்கள். மற்றவர் தோண்டி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் நந்தன், "கெமிக்கலே இல்லை" என்று எழுதுவதற்கு முன் உங்கள் ஆலைக்குள் என்னென்ன டப்பா இருக்கிறது, தரை கழுவும் திரவம் வரைக்கும், ஒரு ஆளைவிட்டுப் பார்த்துவிடுங்கள். கோர்ட்வாசல் சொன்னதும் இதுதான்.


நாமக்கல்நந்தன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதலாளியிடம் இந்தத் திரியையே காட்டினேன், நோட்டீஸ் யோசனையை விட்டுவிட்டார். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பியாகிவிட்டது. எங்கள் மில் மேற்பார்வையாளர் ஒரு அக்கா, மாவு விஷயத்தில் கரைகண்டவர், அவர் அந்த அம்மாவுக்கு போன் செய்து பேசினார். அந்த அம்மா முதலில் கோபமாகத்தான் இருந்தாராம், பிறகு எந்தக் கடை, எந்தத் தேதி பாக்கெட் என்று சொல்லியிருக்கிறார். அறிக்கை ஒன்று எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"சமூக வலைதளங்களில் எங்கள் நிறுவனம் குறித்துத் தவறான வதந்தி பரப்பப்பட்டு வருகிறது. பல ஆண்டுகளாகத் தரத்திற்குப் பெயர் பெற்ற எங்கள் நிறுவனம் அனைத்து விதிமுறைகளையும் பின்பற்றி வருகிறது. பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்."


மேகலை எழுதியது:

நந்தன், கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் ஒரு வரிகூட அந்த அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. உப்பின பாக்கெட்டைக் கண்ணால் பார்த்தவரிடம் வதந்தி என்றால் அவரைப் பொய்க்காரி ஆக்குகிறீர்கள். தரத்துக்குப் பெயர் பெற்றது என்று நீங்களே சொல்லிக்கொள்ள இது நேரம் இல்லை. முதல் வரியிலேயே விஷயத்துக்கு வாருங்கள். இப்படி:

"எங்கள் மாவு பாக்கெட் உப்பியிருப்பதைக் காட்டும் வீடியோவை நாங்களும் பார்த்தோம். அப்படி உப்பிய பாக்கெட் உங்கள் வீட்டில் இருந்தால் பயன்படுத்த வேண்டாம், வாங்கிய கடையில் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், பில் தேவையில்லை. மாவு புளிக்கும்போது வாயு உண்டாகும், குளிர் குறைந்தால் அது அதிகமாகும். வேறு காரணம் ஏதும் உண்டா என்று அறிய அதே தேதியிட்ட பாக்கெட்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு எதுவாக இருந்தாலும் இதே பக்கத்தில் வெளியிடுவோம். உங்கள் கேள்விகளுக்கு எங்கள் உற்பத்தி மேற்பார்வையாளர் இந்த எண்ணில் பதில் சொல்வார்."

கடைக்காரர் பெயரையே எடுக்கவில்லை பாருங்கள். பில் தேவையில்லை என்ற இரண்டு சொல்லுக்கு முதலாளி முனகுவார், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளியிடுவதற்கு முன் கடைகளுக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பணம் கேட்டு வருகிறவரைக் கடைக்காரர் திட்டி அனுப்புவார், அது அடுத்த வீடியோ. அந்த எண்ணை ராத்திரியும் யாராவது எடுக்க வேண்டும், மாவு பாக்கெட்டைப் பிரிப்பதே ராத்திரியிலும் விடிகாலையிலும்தான்.


கோர்ட்வாசல் எழுதியது:

மேகலை மேடம் எழுதியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தப்பை ஒப்புக்கொள்ளவும் இல்லை, எதையும் மறுக்கவும் இல்லை, செய்கிற காரியத்தைச் சொல்கிறது. "முடிவு எதுவாக இருந்தாலும்" என்பதை முதலாளி படித்துப் புரிந்து கையெழுத்துப் போட்டாரா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், முடிவு வந்த பிறகு பின்வாங்கினால் இப்போது இருப்பதைவிட மோசமாகும்.


நாமக்கல்நந்தன் எழுதியது:

போட்டுவிட்டார். பில் விஷயத்துக்கு முனகினார், நீங்கள் சொன்னது போலவே. நாளை விடிகாலை வண்டி ஏற்றும்போது டிரைவர்கள் எல்லோரையும் நிற்கவைத்து அக்கா பேசுகிறார், ஆளுக்கு ஒரு தாளும் கொடுக்கிறோம். கடைகளுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததும் மதியம் பக்கத்தில் போடுகிறோம். வால்வு கவருக்கு கோவையிலிருந்து ஒருவர் சாம்பிள் அனுப்புகிறேன் என்றிருக்கிறார். கடை ஃப்ரிட்ஜுக்குள் ஒட்ட வெப்பமானி ஸ்டிக்கர் மொத்தமாக எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அந்தச் செலவை நாங்களே ஏற்றுக்கொள்ளலாம் என்று பேச்சு ஓடுகிறது.